மென்பந்தாட்டத்தில் ‘தடை’ என்னும் சொல்

சாப்ட்பால் எனப்படும் மென்பந்தாட்டம் 1887-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் தோன்றியது. இன்று மலேசியப் பள்ளிப் போட்டிகளிலும் அஃது இடம்பெறுகின்றது. அதன் விதிகளைத் தமிழில் மாணவர்க்கு விளக்கப் புகுவோர் ஒன்றை முதற்கண் கருதுதல் வேண்டும். மூவேறு நிகழ்ச்சிகளைத் ‘தடை’ என்னும் ஒரே சொல்லாற் சுட்டினால், நடுவரின் நேர்மையான தீர்ப்பும் மாணவர்க்கு அநீதியாகத் தோன்றும்.

வினைச்சொல் ஆறு பொருளை உணர்த்தும் என்று நன்னூலார் வகுத்தார். அவற்றுள் செய்பவன், கருவி, காலம் என்னும் மூன்றைக்கொண்டே இவ்விதிகளைத் தெளியலாம்.

முதலாவது, செய்பவன். அடிக்கும் அணியினர் காக்கும் அணியினரின் முயற்சியைக் கெடுப்பின் அது குறுக்கீடு. பந்து உடனே ஆட்டத்தினின்று நீங்கும், ஒருவர் ஆட்டமிழப்பார். மாறாக, பந்தைக் கையிற் கொள்ளாமலும், அடிக்கப்பட்ட பந்தை எடுக்க முயலாமலும் இருக்கும் காப்பாளர், ஓடுவோரின் வழியை அடைப்பின் அது மறிப்பு. ஆட்டம் உடனே நில்லாது. அம்மறிப்பு நேராதிருப்பின் அவர் எத்தளத்தை எய்தியிருப்பாரோ அதனை நடுவர் பின்னர் வழங்குவார்.

இரண்டாவது, கருவி. ஆட்டத்திற் கலவாத ஒருவர் மீதோ, களத்திற்கு உரியதல்லாத பொருள் மீதோ பட்ட பந்து தடைப்பந்தாகும். எறியப்பட்ட பந்து பார்வையாளர் மீது பட்டால் ஓடுவோர்க்கு இரண்டு தளங்கள் உரிமையாகும். ஆனால் அடிக்கும் அணியினர் போட்டுவைத்த மட்டையில் அது பட்டு, அதனால் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்யும் வாய்ப்புக் கெட்டதாயின், அவ்வாறு ஓடியவர் ஆட்டமிழப்பார். அவ்வாய்ப்பு இல்லையெனின், பந்து தடைப்பட்டபோது கடைசியாகத் தொட்ட தளத்திற்கு ஓடுவோர் மீள்வர்.

மூன்றாவது, காலம். அவ்விரண்டு தளங்களை எங்கிருந்து எண்ணுவது? பந்து மட்டையிலோ மனிதர் மீதோ பட்ட கணத்திலிருந்து அன்று. எறிந்தவர் கையை விட்டு அது நீங்கியபோது ஓடுவோர் நின்ற நிலையிலிருந்தே எண்ணுதல் வேண்டும்.

இனி, ‘வேண்டுமென்றா மோதினேன்?’ என்று கண்கலங்கும் மாணவிக்கு யாது விடை? நன்னூலார் கூறிய ஆறனுள் எண்ணம் இல்லை. அடிக்கப்பட்ட பந்தை எடுக்க நிற்பவர்க்கு வழிவிடுதல் ஓடுவோரின் கடமை. ஆகலின் எண்ணாது மோதினும் அது குறுக்கீடே. எறியப்பட்ட பந்திலோ நிலைமை வேறு. அது தற்செயலாக ஓடுவோர் மேற்பட்டாற் குற்றமில்லை. வேண்டுமென்றே தடுத்தால்தான் குற்றம். முன்னதில் காப்பாளர் நிற்கும் இடம் ஓடுவோரின் கண்முன் உள்ளது. பின்னதில் எறிபவர் எங்கே எறிவார் என்பதை ஓடுவோர் அறியார். இவ்வேறுபாட்டை முன்னரே விளக்கிவிட்டால் தோல்வியும் தாங்கத்தக்கதாகும்.

பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்துவிட்டன. ஆயினும் அங்கே தோன்றிய தமிழ்ப்பள்ளிகள் பல இன்றும் நடைபெறுகின்றன. ஈப்போ நகரத் திடலாயினும் தோட்டப்புறத் திடலாயினும், வேலியில்லாத இடத்தில் ஆடும்போது புத்தகப்பையும் மிதிவண்டியும் பந்தின் வழியில் நிற்கக்கூடும். ஆட்டத்திற்கு முன்பே எல்லைக்கோடு வரைந்து, பொருள்களை அப்பால் வைக்கச் செய்து, இடத்துக்குரிய விதியை இரு அணிக்கும் அறிவித்தல் ஆசிரியர் கடன். குறுக்கீடு, மறிப்பு, தடைப்பந்து எனச் சொற்களை வேறுபடுத்தி வழங்குவது அதனினும் முந்திய கடன் என்க.