3-0 தோல்வி... ஆனாலும் நிரம்பிய அரங்கங்கள்! 22 ஆண்டுக்குப் பின் வந்த ‘கங்காரு டூர்’ என்றால் என்ன?

ஆஷஸ்னு சொன்னதும் நமக்கு கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். ஆனா அதே ஆஸ்திரேலியா, அதே இங்கிலாந்து, அதே பெயரில் ரக்பி லீக்கிலும் மோதுகின்றன. 2003க்குப் பிறகு நின்றுபோயிருந்த இந்த ஆஷஸ் தொடர் 2025ல் இங்கிலாந்தில் மீண்டும் நடந்தது. ஆஸ்திரேலியா 3-0 என மொத்தமாக அள்ளிச் சென்றது.

22 வருஷம் ஏன் நடக்கவில்லை? இங்கிலாந்து எங்கே கோட்டைவிட்டது? விரிவாகப் பார்க்கலாம்.

ரக்பி லீக்னா என்ன? சாதாரண ரக்பி இல்லையா?

ரக்பியில் இரண்டு வகை உண்டு. 15 பேர் ஆடுவது ரக்பி யூனியன், 13 பேர் ஆடுவது ரக்பி லீக். லீக்கில் பந்து வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை மடக்கிப் பிடித்துவிட்டால், பந்தைக் கொடுத்துவிட வேண்டும். கிட்டத்தட்ட கபடி மாதிரி பிடியும் உண்டு, கால்பந்து மாதிரி ஓட்டமும் உண்டு. எதிரணியின் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில் வைத்தால் ‘டிரை’, அதற்கு 4 புள்ளிகள். அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 2.

இந்தப் பிரிவு வந்ததற்குக் காரணம் கூலி! வடக்கு இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள். மேட்சுக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. அந்த இழப்பை ஈடுகட்ட கிளப்புகள் பணம் தர முன்வந்தபோது, ரக்பி நிர்வாகம் கூடாது என்றது. இதனால் 1895 ஆகஸ்ட் 29ல் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிய வடக்கத்திய கிளப்புகள் தனி அமைப்பைத் தொடங்கின. 1907ல் சிட்னியிலும் இதே போன்ற குமுறல்தான் லீக்கைக் கொண்டுவந்தது.

‘கங்காரு டூர்’ பெயர் எப்படி வந்தது?

ஆஸ்திரேலிய ரக்பி லீக் அணியின் செல்லப் பெயர் ‘கங்காருஸ்’. 1908-09ல் முதல்முறையாக பிரிட்டனுக்கு கப்பலில் கிளம்பியபோது, நிஜமாகவே ஒரு கங்காருவையும் கூட்டிட்டுப் போனார்கள்!

மாதக்கணக்கில் நீண்ட அந்தப் பயணத்தில் 40க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். மூன்று டெஸ்ட்டில் ஒன்று டிரா, இரண்டில் தோல்வி. வசூலிலும் நஷ்டம்தான். சில வீரர்கள் ஊர் திரும்பாமல் அங்கேயே கிளப்புகளில் சேர்ந்துவிட்டார்கள். அப்படித் தடுமாறித் தொடங்கிய டூர்தான் பின்னாளில் இந்த விளையாட்டின் பெரிய திருவிழாவானது. 1982ல் வந்த அணி பிரிட்டனில் 15, பிரான்ஸில் 7 என ஆடிய 22 ஆட்டங்களிலும் ஜெயித்தது. ரசிகர்கள் வைத்த பெயர் ‘இன்வின்சிபிள்ஸ்’, அதாவது வெல்லவே முடியாதவர்கள்.

22 வருஷம் ஏன் இடைவெளி?

கடைசியாக 2003ல் ‘கிரேட் பிரிட்டன்’ என்ற பெயரில் ஆடிய அணி 3-0 எனத் தோற்றது. மூன்று ஆட்டங்களையும் சேர்த்தே வித்தியாசம் வெறும் 13 புள்ளிகள்! அதன்பிறகு மூன்று, நான்கு நாடுகள் ஆடும் போட்டிகளும் உலகக்கோப்பையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. கிளப் சீசனும் வருடத்தின் பெரும்பகுதியை விழுங்கியது. 2020ல் திட்டமிட்ட தொடர் கொரோனாவால் ரத்தானது.

2025ல் வழி திறந்ததற்கும் ஒரு காரணம் இருக்கு. அந்த வருடம் உலகக்கோப்பையை நடத்த வேண்டிய பிரான்ஸ், நிதிப் பிரச்சினையால் 2023ல் விலகியது. போட்டி 2026க்குத் தள்ளிப்போனது. காலியான இடத்தில் ஆஷஸ் வந்து உட்கார்ந்தது.

மூன்று டெஸ்ட்டில் நடந்தது என்ன?

* முதல் டெஸ்ட், அக்டோபர் 25, லண்டன் வெம்ப்ளி: ஆஸ்திரேலியா 26-6. ரீஸ் வால்ஷ் இரண்டு டிரை அடித்தார்.
* இரண்டாவது டெஸ்ட், நவம்பர் 1, லிவர்பூலில் எவர்ட்டன் கால்பந்து கிளப்பின் புதிய மைதானம்: ஆஸ்திரேலியா 14-4. இங்கிலாந்துக்கு ஒரு டிரைகூட இல்லை.
* மூன்றாவது டெஸ்ட், நவம்பர் 8, லீட்ஸ் ஹெடிங்லி: ஆஸ்திரேலியா 30-8.

மொத்தக் கணக்கு 70-18. இங்கிலாந்தின் தடுப்பாட்டம் பல நேரங்களில் தாக்குப்பிடித்தது. பந்து கையில் இருக்கும்போது கோட்டைத் தாண்டத்தான் வழி தெரியவில்லை.

வித்தியாசம் எங்கே?

பணமும் பழக்கமும்தான். ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் தான் உலகின் பணக்கார ரக்பி லீக் போட்டி. இங்கிலாந்தின் சிறந்த வீரர்களே அங்கே போய் ஆடுகிறார்கள். அதோடு, நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் வருடம் மூன்று முறை மோதும் ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’ இருக்கு. டெஸ்ட்டுக்குச் சமமான அழுத்தத்தில் ஆஸ்திரேலிய வீரர்கள் வருடாவருடம் ஆடிப் பழகுகிறார்கள். இங்கிலாந்து வீரர்களுக்கு அதற்கு இணையான மேடையே கிடையாது.

பிரிட்டன் கடைசியாக ஆஷஸை வென்றது 1970ல். சொந்த மண்ணில் வென்றது 1959ல். அதை நேரில் பார்த்தவர்கள் இன்று தாத்தா, பாட்டி வயதில் இருப்பார்கள்.

அப்புறம் ஏன் இது முக்கியம்?

கூட்டத்தைப் பாருங்க. வெம்ப்ளியில் 60,000க்கு மேல், லிவர்பூலில் 52,000க்கு மேல். இங்கிலாந்தில் ரக்பி லீக்கின் வேர் இன்னமும் வடக்கத்திய தொழில் நகரங்களில்தான். நாடு முழுக்கப் பேச வைக்க அதற்குக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. கிளப் ஆட்டங்களால் முடியாததை கங்காரு டூர் செய்து காட்டியிருக்கிறது.

ஆனா கூட்டம் வருவது மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் ஒரே அணிதான் ஜெயிக்கும் என்றால், ரசிகர்கள் எத்தனை தடவை டிக்கெட் வாங்குவார்கள்? 2026 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் தொடங்கும் உலகக்கோப்பைதான் இங்கிலாந்துக்கு அடுத்த பரீட்சை. இன்னொரு 22 வருஷம் காத்திருக்க இந்த விளையாட்டால் முடியாது!