புது கார் எடுத்தாச்சா? முதல் 1,000 கி.மீ-க்கு இதை மறக்காதீங்க!

கலர், வேரியன்ட் எல்லாம் சொல்லி புக்கிங் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த கார். எலுமிச்சம்பழமும் நசுக்கியாச்சு. அடுத்து என்ன, குடும்பத்தோடு பைபாஸில் ஏறி குலதெய்வம் கோயிலுக்குத்தானே? தாராளமாகப் போகலாம். ஆனால், ஓட்டும் விதத்தில் கவனம் தேவை.

காரணம், இன்ஜினுக்குள் இருக்கும் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு இன்னும் முழுசாகப் பொருந்தியிருக்காது. ஆயில் தங்குவதற்காக அந்தச் சுவரில் தொழிற்சாலையிலேயே மெல்லிய குறுக்குக் கோடுகள் போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகளின் கூர்மை லேசாகத் தேய்ந்து, ரிங்குகள் கச்சிதமாக உட்கார வேண்டும். அதுதான் ‘ரன்னிங் இன்’. இது சரியாக நடக்காவிட்டால் ஆயில் உள்ளே போய் எரியும், புகை வரும். இன்ஜினைப் பிரிக்கும் செலவுகூட வரலாம்.

மெதுவாகப் போனால் போதுமா?

போதாது. ரிங்குகளைச் சுவரோடு அழுத்துவதே இன்ஜினுக்குள் உருவாகும் வாயுவின் அழுத்தம்தான். மிதமான லோடு இருந்தால்தான் அது கிடைக்கும். எனவே, 40-லேயே உருட்டுவதும் சரியல்ல. 100-ல் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு விடுவதும் சரியல்ல. வேகம் ஏறி இறங்க வேண்டும்.

டொயோட்டாவின் பல மாடல் கையேடுகள் சொல்வது இதுதான்: முதல் 300 கி.மீ-க்கு சடன் பிரேக் வேண்டாம். முதல் 1,000 கி.மீ-க்கு அதிவேகம், திடீர் ஆக்சிலரேஷன், நீண்ட நேரம் ஒரே வேகம், தொடர்ந்து லோ கியர் நான்கும் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* ஸ்டார்ட் செய்ததும் ரேஸ் கொடுக்காதீர்கள். முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினாலே இன்ஜின் சூடாகிவிடும்.

* ஆர்.பி.எம் மீட்டரில் சிவப்புக் கோடு 6,000-ல் தொடங்கினால், முள் 3,000-ஐ ஒட்டி ஏறி இறங்கட்டும்.

* மேட்டில் டாப் கியரிலேயே திணறவிடாதீர்கள், கியரைக் குறையுங்கள்.

* லாங் டிரைவுக்கு முன், சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள்.

* புது பிரேக் பேடும் டயரும் செட்டாக நாளாகும். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விடுங்கள்.

* முதல் ஃப்ரீ சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் காருக்கான கணக்கு, டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும் கையேட்டில் இருக்கும். வீட்டில் யாரெல்லாம் காரை ஓட்டுவார்களோ, அத்தனை பேரும் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். ஒருவர் பொறுமையாக ஓட்டி, இன்னொருவர் விரட்டினால் பலனில்லையே!