கார்லைல் மாணவர்களின் 1912

பென்ஸில்வேனியா மாகாணத்துக் கார்லைல் நகரில், ராணுவத்தார் காலி செய்துவிட்டுப் போன பாசறையொன்றில், ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற படை அதிகாரி 1879-இல் தொடங்கிய செவ்விந்தியர் பள்ளியைக் கல்லூரி என்று சொல்வது கண்டிப்பாகப் பார்த்தால் பொருந்தாது. தச்சும் தையலும் கொல்லு வேலையும் கற்பித்த தொழிற்பள்ளி அது. ஆயினும், பந்தைக் கையிலேந்தி எதிரணியைப் பிளந்துகொண்டு ஓடுவதே பிரதானமாகவுள்ள அமெரிக்கக் கால்பந்தின் சரித்திரத்தில், ஹார்வர்டு முதலான சர்வகலாசாலைகளுக்குச் சமதையாக அந்தப் பள்ளியின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.

பிராட் துரையின் நோக்கம் ஒளிவுமறைவற்றது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் பூமியிலிருந்தும் பிரித்துக் கொண்டுவந்து, நீண்ட கூந்தலைக் கத்தரித்து, தாய்மொழியை விலக்கி, ஆங்கிலப் பெயர் சூட்டி, அவர்களுக்குள்ளிருக்கும் இந்தியனை அடியோடு போக்கிவிட்டால் மிஞ்சுகிற மனிதன் நாகரிகமடைவான் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். தாம் செய்வது உபகாரம் என்று நம்புகிறவர்கள் செய்யும் கொடுமைக்கு எல்லை ஏது? ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு: எந்த அடையாளத்தை அழிப்பதற்காகப் பள்ளி ஏற்பட்டதோ, அந்த அடையாளத்தைப் பார்ப்பதற்கென்றே ஆயிரக்கணக்கான ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். பயிற்சியாளர் கிளென் வார்னர், ‘பாப்’ என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர், இதை நன்கு அறிந்திருந்தார். வசூலை உத்தேசித்து, பெரிய ஆட்டங்களையெல்லாம் வெளியூர்களிலேயே வைத்துக்கொண்டு, தம் குழுவை ரயிலேற்றி ஊர் ஊராக அழைத்துச் சென்றார்.

1912-ஆம் வருஷத்துக் கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்டத்லான், டெகத்லான் ஆகிய இரண்டிலும் தங்கப் பதக்கம் வென்று திரும்பிய ஜிம் தார்ப், இலையுதிர் காலத்தில் மறுபடியும் கார்லைல் சட்டையை அணிந்தார். ஆட்ட விதிகளும் அவ்வாண்டுதான் மாறியிருந்தன: மைதானம் 110 கஜத்திலிருந்து 100 கஜமாகக் குறைந்தது, பத்துக் கஜம் முன்னேறுவதற்கு மூன்று முயற்சிகளே இருந்த இடத்தில் நான்கு கிடைத்தன, டச்டவுனுக்கு ஐந்து புள்ளிக்குப் பதில் ஆறு. முரட்டுப் பலத்தால் நெருக்கித் தள்ளுவோரைவிட, வேகமும் யுக்தியும் உடையவர்களுக்கே இவை அனுகூலமாயின. கார்லைல் குழுவினரோ அநேகமாக எல்லா எதிரணியினரையும்விட எடை குறைந்தவர்கள்.

ஆரம்ப ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வில்லனோவாவை 65-0 என்று நொறுக்கினார்கள்; வாஷிங்டன் அண்டு ஜெபர்ஸன் கல்லூரியோடு மட்டும் இரு தரப்புக்கும் புள்ளியில்லாமல் சமமாக முடிந்தது. டொராண்டோவுக்குப் போய், பாதி நேரம் கனடா நாட்டு விதிப்படியே ஆடியும் 49-1 என்று வென்றார்கள்.

நவம்பர் 9-ஆம் தேதி வெஸ்ட் பாயிண்டில், ராணுவப் பயிற்சிக் கல்லூரியின் மைதானத்தில் நடந்ததுதான் இந்தப் பருவத்தின் உச்சம். ஊண்டட் நீ என்னுமிடத்தில் லகோட்டா ஜனங்களை அமெரிக்கக் குதிரைப்படை சுட்டு வீழ்த்தி அப்போது இருபத்திரண்டு வருஷங்கள்கூட நிறைந்திருக்கவில்லை. எதிரே நிற்பவர்கள் உங்கள் தந்தையரோடு போரிட்டவர்களின் புதல்வர்கள் என்று வார்னர் நினைவூட்டினாராம். நினைவூட்டவும் வேண்டுமோ என்பது என் சந்தேகம். முதலில் புள்ளி எடுத்தது ராணுவந்தான். இடைவேளையில் 7-6 என்ற மெல்லிய இழையில் கார்லைல் முன்னணியில் இருந்தது. அதன் பிறகு, முதுகுப்புற ஆட்டக்காரர்களை வரிசையின் இரு ஓரங்களுக்கும் தள்ளி நிறுத்தி, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று எதிரி ஊகிக்க முடியாதபடி வார்னர் வகுத்திருந்த ‘இரட்டைச் சிறகு’ வியூகத்தின் முன் ராணுவத்தின் அணிவகுப்பு கலைந்தது. ராணுவத்தின் காப்டனான டெவோர் என்ற பேருருவம், தம்மை ஓயாது அலைக்கழித்த கார்லைல் ஆட்டக்காரர் ஜோ கயான்மேல் பாய்ந்து தாக்கியதற்காக வெளியேற்றப்பட்டார். டுவைட் ஐஸன்ஹோவர் என்ற இளைஞர், சகா ஒருவருடன் சேர்ந்து தார்ப்பை மோதி முடக்கிவிட முயன்று பலிக்காமல் போனார். பிற்காலத்தில் ராஷ்டிரபதியான பின்பும் அவர் தார்ப்பின் ஆட்டத்தை வியந்து பேசியதுண்டு. முடிவு 27-6.

மறுவாரமே பிலடெல்பியாவில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையிடம் 34-26 என்று தோற்றார்கள். அத்தனை பெரிய ஜயத்துக்குப் பின் நேர்ந்த அந்தச் சறுக்கலைக் கண்டு நான் அவர்களிடம் அதிகமாகவே பிரியம் கொள்கிறேன். பருவ முடிவில் 14 ஆட்டங்களில் 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை. எடுத்த புள்ளிகள் 504.

1913 ஜனவரியில், தார்ப் முன்னர் வட கரோலினாவில் சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடிய செய்தி பத்திரிகையில் வெளிவந்தது. கூலிக்கு ஆடியவருக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை என்ற அக்கால விதிப்படி, அவருடைய பதக்கங்கள் பறிபோயின. அவர் காலமாகி இருபத்தொன்பது வருஷங்களுக்குப் பின், 1982-இல்தான் அவற்றைத் திருப்பித் தருவதென்று முடிவாயிற்று; அவற்றின் பிரதிகள் 1983 ஜனவரியில் குடும்பத்தாரிடம் சேர்ந்தன. பள்ளியிலும் உட்புகைச்சல் வளர்ந்தது. 1912-ஆம் வருஷக் குழுவை மைதானத்தில் நடத்திய கஸ் வெல்ச்சே, நிர்வாகத்தின்மீது விசாரணை கோரி மாணவர்களிடம் கையொப்பம் திரட்டினார். 1914-இல் காங்கிரஸ் கமிட்டியின் முன் விளையாட்டு நிதியின் கணக்கும், வார்னரின் வசைமொழியும் கைநீட்டமும் சாட்சியங்களாக வந்தன. மேலதிகாரி பதவியிழந்தார், வார்னர் பிட்ஸ்பர்க்குக்குப் போய் அங்கும் புகழ் ஈட்டினார், பள்ளி 1918-இல் மூடப்பட்டது. வெல்ச் சட்டம் பயின்று, 1919 முதல் வாஷிங்டன் மாகாணக் கல்லூரிக் குழுவுக்குப் பயிற்சியாளராக இருந்தார்.