உலக முடிவுக்கு நாள் குறிக்கலாமா?



ஆறாம் ஆண்டு முடித்த மாணவர்களை இடைநிலைப் பள்ளிக்குப் பதிவு செய்யும் சமயத்தில், தோட்டத்துத் தகப்பனார் ஒருவர் நம்மிடம் வந்தார். "வாத்தியாரே, பையனை மேலே படிக்க அனுப்பப் போவதில்லை. இன்னும் கொஞ்ச நாளில் கர்த்தர் வந்துவிடுவார். பிறகு படிப்பு எதற்கு?" என்றார். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் ஜெபக் கூட்டத்தில் ஆண்டும் மாதமும் குறித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்கு முன்பணம் கட்டச் சேர்த்து வைத்திருந்த தொகையில் ஒரு பகுதியும் காணிக்கையாகப் போய்விட்டது.

நாமும் கிறிஸ்தவர்தாம். இயேசு மீண்டும் வருவார் என்று ஆலயத்தில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போதெல்லாம் அறிக்கையிடுகிறோம். அதை மனப்பூர்வமாகவே சொல்லுகிறோம். ஆகவே அவருடைய நம்பிக்கையைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பேச்சு என்றும் நேயர்கள் எண்ண வேண்டாம். கலியுகத்துக்கு ஒரு முடிவு உண்டு என்று இந்துக்கள் கூறுவர். இறுதிநாள் உண்டு, அதன் நேரம் இறைவனுக்கே தெரியும் என்று இஸ்லாமியர் நம்புவர். முடிவு உண்டு என்பது வேறு. அது எப்போது என்று எனக்குத் தெரியும் என்பது வேறு.

இப்படி நாள் குறித்தவர்களுள் பலரும் அறிந்தவர் வில்லியம் மில்லர். 1782ஆம் ஆண்டு பிறந்த இவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து விவசாயி. ஏமாற்றுக்காரர் அல்லர். ஆண்டுக்கணக்கில் வேதத்தை வரி வரியாக ஆராய்ந்தார். தானியேல் புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தில் 2300 நாள் என்றொரு கணக்கு வருகிறது. ஒரு நாளை ஓர் ஆண்டாகக் கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணினார். 2300இல் 457ஐக் கழித்தால் 1843. அந்த ஆண்டை ஒட்டி உலகம் முடியும் என்று 1831 முதல் ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்தார். குறித்த காலம் கடந்து போயிற்று. பிறகு அவர் கூட்டத்தைச் சேர்ந்த சாமுவேல் ஸ்னோ என்பவர் 1844 அக்டோபர் 22 என்று திட்டமாக நாள் குறித்தார். ஆயிரக்கணக்கானோர் நம்பினர். சில விவசாயிகள் விளைந்து நின்ற பயிரை அறுவடை செய்யாமலே விட்டனர். கடையை மூடினவர்களும் உண்டு. அன்றிரவு முழுவதும் விழித்திருந்து, பொழுது விடிந்ததும் அழுதார்கள். வரலாற்றில் அதற்குப் 'பெரும் ஏமாற்றம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மில்லர் 1849இல் காலமானார். வருகை சமீபம் என்ற நம்பிக்கையைக் கடைசிவரை விடவில்லை.

ஆசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறோம். மில்லரின் கழித்தலில் பிழை கிடையாது. பிள்ளைகள் போட்டாலும் அதே விடைதான் வரும். ஆனால் நாளை ஆண்டாகக் கொள்ள வேண்டும் என்பதும், 457இல் தொடங்க வேண்டும் என்பதும் ஊகம். அந்தத் தானியேல் பகுதியையே, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோகஸ் என்னும் அரசன் எருசலேம் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தியதைப் பற்றியது என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். ஊகத்தின்மேல் சரியான கணக்கைப் போட்டால், கேட்பவர்க்குக் கணக்குதான் கண்ணில் படும், ஊகம் மறைந்துவிடும். பலகையில் எண்களை எழுதிக் காட்டும் பிரசங்கியாரிடம் இந்த வலிமைதான் இருக்கிறது.

அது பழைய காலத்துக் கதை என்று விட்டுவிட முடியாது. தென் கொரியாவில் லீ ஜாங் ரிம் என்பவர் 1992 அக்டோபர் 28 என்று நாள் குறித்தார். வேலையை விட்டவர்களும் சொத்தை விற்றவர்களும் பலர். ஆனால் அவரோ, 1993 மே மாதத்தில் முதிர்வடையும் கடன்பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார்! மோசடிக்காகச் சிறைத் தண்டனை பெற்றார். அமெரிக்காவில் ஹெரால்ட் கேம்பிங் என்பவர் வானொலி மூலமாகவே 2011 மே 21 என்று அறிவித்தார்; அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார்; மறு ஆண்டு, நாள் குறித்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். வானொலியில் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை, வானொலியில் பேசும் நாமே சொல்லித்தான் ஆகவேண்டும்.

சரி, வேதம் என்ன சொல்கிறது? ஒலிவ மலையில் சீடர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அந்த நாள் தூதர்களுக்கும் தெரியாது, குமாரனுக்கும் தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் இயேசு கொடுத்த பதில். மத்தேயு 24ஆம் அதிகாரத்திலும் மாற்கு 13ஆம் அதிகாரத்திலும் காணலாம். இயேசுவே தமக்குத் தெரியாது என்று சொன்ன ஒன்றைத் தமக்குத் தெரியும் என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய பிரசங்கியாரானாலும் நாம் தயங்கத்தான் வேண்டும். அதே பேச்சில் எருசலேம் தேவாலயம் இடிபடும் என்றும் இயேசு சொன்னார். கி.பி. 70இல் ரோமர் அதை இடித்தனர். ஆகவே அந்த அதிகாரத்தின் ஒரு பகுதி நமக்கு வருங்காலம் அல்ல, கடந்த காலம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

வெளிப்படுத்தின விசேஷமும் அப்படித்தான். பத்மு தீவிலிருந்து யோவான் அதை எபேசு, சிமிர்னா முதலான ஏழு சபைகளுக்கு எழுதினார். அவ்வூர்கள் இன்றைய துருக்கி நாட்டில் உள்ளன. பயமுறுத்தும் 666 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். எபிரேய மொழியில் எழுத்துகளே எண்களாகவும் வழங்கின; தமிழில் க என்பது 1, உ என்பது 2 என வழங்கியதைப் போல. கிறிஸ்தவர்களைக் கொன்ற ரோமச் சக்கரவர்த்தி நீரோவின் பெயரை அவ்வாறு கூட்டினால் 666 வருகிறது. பலர் ஏற்கும் விளக்கம் இது. அதை விட்டுவிட்டுக் கடைச் சாமான்களில் உள்ள கோடுகளிலும், அடையாள அட்டையின் சில்லிலும், கோவிட் காலத்தில் தடுப்பூசியிலும்கூட அந்த முத்திரையைத் தேடினவர்கள் உண்டு. முத்திரைக்குப் பயந்து ஊசியைத் தவிர்த்தவர்களுக்கு நோயிலிருந்து பாதுகாப்பு இல்லாமல் போனது.

வேலையை நிறுத்துவது பற்றியும் வேதத்தில் இருக்கிறது. தெசலோனிக்கே என்பது கிரேக்க நாட்டுத் துறைமுக நகரம். அங்கிருந்த சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், நாள் வந்துவிட்டது என்று எவராவது பவுலின் பெயரால் கடிதம் காட்டினாலும் கலங்க வேண்டாம் என்று எச்சரிக்கை வருகிறது. உழைக்காமல் சுற்றித் திரிந்தவர்களுக்கும் அதே நிருபத்தில் கண்டிப்பு உண்டு. பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி. இரவும் பகலும் உழைத்துச் சாப்பிட்டவர்.

இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு அந்தத் தகப்பனார் வீட்டுக்கு இரண்டு மாலை நேரங்களில் போனோம். முதல் நாள் பயன் இல்லை. பேசப் பேசத்தான் காரணம் விளங்கிற்று. தோட்டம் கைமாறப் போகிறது, வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று கடிதம் வந்திருந்தது. பிறந்து வளர்ந்த இடத்தை விட்டு எங்கே போவது என்று தெரியாத மனிதருக்கு, உலகமே முடியப் போகிறது என்பது பயமூட்டும் செய்தியல்ல, ஆறுதலான செய்தி. கண்ணீரெல்லாம் துடைக்கப்படும் என்ற வாக்குறுதி வெளிப்படுத்தின விசேஷத்தில் இருக்கத்தான் செய்கிறது. துன்பப்பட்ட சபைகளுக்காகவே அது எழுதப்பட்டது. அந்த ஆறுதலை அவரிடமிருந்து பறிக்க நமக்கு மனமில்லை. அதற்கு ஒரு தேதியைக் கட்டி, அவருடைய வீட்டுப் பணத்தையும் பையனின் பள்ளியையும் விலையாகக் கேட்டதைத்தான் தவறு என்றோம். இரண்டாம் நாள் மத்தேயு 24ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை அவரையே படிக்கச் சொன்னோம். எஜமான் வரும்போது, வீட்டாருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்த ஊழியக்காரன் மெச்சப்படுகிறான். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

"அப்படியானால் அவர் வருவாரா, மாட்டாரா?" என்று கேட்டார்.

"வருவார்."

"எப்போது?"

"தெரியாது" என்றோம்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு, இடைநிலைப் பள்ளிக்குப் பேருந்து காலையில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். ஆறு மணிக்கு முன்னதாகவே வந்துவிடும் என்றோம். "அந்த நேரத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பிவிடுவோமே, பையனை யார் அனுப்பி வைப்பது?" என்று மனைவியைப் பார்த்தார்.