புரோஸ்டேட் புற்றுநோய்: உடனே ஆபரேஷனா, பொறுத்துப் பார்க்கலாமா?

"உங்களுக்குப் புற்றுநோய் இருக்கு. ஆனா இப்போதைக்கு சிகிச்சை வேண்டாம், கண்காணிப்போம்" என்று ஒரு டாக்டர் சொன்னால் என்ன செய்வோம்? பெரும்பாலும் வேறு டாக்டரைத் தேடிப் போவோம். ஆனால் புரோஸ்டேட் விஷயத்தில் அது பல பேருக்கு நியாயமான பதில். அதைக் காட்டியது 'புரோடெக்ட்' என்ற பிரிட்டிஷ் ஆய்வு. நான் மருத்துவன் இல்லை, மென்பொருள்காரன். ஒரு சோதனையை எப்படி நடத்தினார்கள் என்று பார்ப்பதில் ஆர்வம், அவ்வளவுதான்.

முதலில் அடிப்படை. புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. அது சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை ரத்தப் பரிசோதனையில் அளக்கலாம். அளவு கூடினால் புற்றுநோயாக இருக்கலாம். வயதானால் வரும் சாதாரண வீக்கமாகவோ கிருமித் தொற்றாகவோகூட இருக்கலாம். பயாப்சி செய்தால்தான் உறுதியாகும். அப்படிக் கண்டுபிடிக்கும் புற்றுநோய்களில் பல ரொம்ப மெதுவாக வளர்பவை, ஆயுளுக்கும் தொந்தரவு தராதவை. சில அப்படி இல்லை. எது எந்த ரகம் என்று முன்கூட்டியே பிரிப்பதுதான் கஷ்டம்.

1999 முதல் 2009 வரை 50-69 வயதுள்ள 82,429 பேருக்கு பி.எஸ்.ஏ. பார்த்தார்கள். 2,664 பேருக்குச் சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய் இருந்தது. இவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரிக்க வேண்டும்: அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு. நம் துறையில் ஏ/பி டெஸ்ட் செய்கிற மாதிரிதான். ஆனால் அங்கே பட்டனின் நிறம் மாறும். இங்கே ஒருவருடைய உடம்பு. "உங்களுக்கு என்ன சிகிச்சை என்று குலுக்கிப் போட்டு முடிவு செய்வோம்" என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

ஆரம்பத்தில் பாதிப் பேர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. பேராசிரியர் ஜென்னி டோனோவன் குழுவினர், ஊழியர்கள் நோயாளிகளிடம் பேசுவதை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். கோளாறு பேச்சில் இருந்தது. அறுவை சிகிச்சையையும் கதிர்வீச்சையும் முதலில் விளக்கிவிட்டு, 'கவனித்துக் காத்திருத்தல்' என்பதைக் கடைசியில் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது 'ஒன்றும் செய்யாமல் சாகிறவரை பார்த்துக்கொண்டிருப்போம்' என்று பட்டது. உடனே வரிசையை மாற்றினார்கள். பெயரை 'தீவிரக் கண்காணிப்பு' என்று மாற்றி, பி.எஸ்.ஏ. அடிக்கடி பார்ப்போம், ஏறினால் சிகிச்சைக்கு மாறலாம் என்று விளக்கினார்கள். ஒரே வருடத்தில் சம்மதம் சுமார் 70 சதவீதத்தைத் தொட்டது. மொத்தத்தில் 1,643 பேர் குலுக்கலுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

முடிவு 2023-இல் வந்தது. சராசரியாக 15 வருடம் கழித்துப் புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள்: கண்காணிப்பில் 3.1%, அறுவையில் 2.2%, கதிர்வீச்சில் 2.9%. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. மூன்று குழுவும் சேர்த்து 45 பேர்தான். வேறு காரணங்களால் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

அப்போ கண்காணிப்பு இலவசமா? இல்லைங்க. அதில் 9.4% பேருக்கு நோய் பரவியது. மற்ற இரண்டிலும் சுமார் 5% தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் பின்னால் ஏதோ ஒரு கட்டத்தில் அறுவையோ கதிர்வீச்சோ எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கால்வாசிப் பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே 15 வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். அறுவைக்குப் பின் ஆறாவது மாதத்தில் 46% பேர் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்துக்கொண்டார்கள். ஆறு வருடம் கழித்தும் 17%. கண்காணிப்பில் அது 8%. உறவுக்குப் போதுமான விறைப்பு, அறுவை செய்தவர்களில் ஆறாவது மாதத்தில் 12% பேருக்குத்தான் இருந்தது. இதையெல்லாம் நம்ம ஆட்கள் வெளியே பேசவே மாட்டார்கள். ஆனால் தினமும் அதோடு வாழப்போவது அவர்கள்தானே?

சில எச்சரிக்கைகள். இந்த ஆய்வு சுரப்பிக்குள்ளேயே அடங்கிய நோய்க்கு மட்டும், அதிலும் பெரும்பாலும் குறைந்த வீரியமுள்ள நோய்க்கு. எலும்பு வலியோடு, பி.எஸ்.ஏ. எகிறிப் போய் வருபவர் இதைக் காட்டிக் காத்திருக்கக் கூடாது. கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். அப்போது பயாப்சிக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுக்கும் வழக்கமும் இல்லை. இன்று அது வந்துவிட்டது. ஆபத்தான ரகத்தைப் பிரிப்பது முன்னைவிடச் சுலபம்.

அப்பாவோ மாமாவோ இப்படி ஒரு ரிப்போர்ட்டோடு வந்தால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நோய் சுரப்பியைத் தாண்டியிருக்கிறதா? கிளீசன் மதிப்பெண் எவ்வளவு? கண்காணிப்பு இவருக்குப் பொருந்துமா, பொருந்தாதென்றால் ஏன்? சுரப்பிக்குள் அடங்கிய, வீரியம் குறைந்த நோய் என்றால், யோசிக்கச் சில வாரம் எடுத்துக்கொள்வதில் பெரும்பாலும் நஷ்டமில்லை. அன்றைக்கே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டு வர வேண்டியதில்லை.