உஷார்! ‘கார்டுக்கு 2% எக்ஸ்ட்ரா’ அட்டையை உடனே எடுங்கள்

கல்லாவுக்குப் பக்கத்தில் ‘கார்டு என்றால் 2% எக்ஸ்ட்ரா’ என்று அட்டை ஒட்டியிருக்கும் கடைக்காரர்களே, இன்றைக்கே அதைக் கிழித்துப் போடுங்கள். ஸ்வைப் மெஷின் வாங்கும்போது படிக்காமல் கையெழுத்துப் போட்டோமே, அந்த ஒப்பந்தத்தைப் புரட்டுங்கள். வாடிக்கையாளரிடம் தனியாகக் காசு வாங்கக் கூடாது என்று பெரும்பாலும் அதில் இருக்கும். டெபிட் கார்டுக்கு வாங்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ஒரு வாடிக்கையாளர் பில்லை போட்டோ எடுத்து வங்கிக்கு அனுப்பினால் போதும், மெஷினைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். 25,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் விற்கிறீர்கள். கிரெடிட் கார்டில் தேய்க்கிறார். கட்டணம் 2% என்றால் 500 ரூபாய், அதற்கு 18% ஜிஎஸ்டி 90 ரூபாய். கணக்கில் வந்து விழுவது 24,410. அந்த ஃபிரிட்ஜில் உங்களுக்கு நிற்பதே 1,500 என்றால், அதில் 590 காலி! காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த 90 ரூபாயும் வரவில் திரும்பாது. கிரெடிட் கார்டுக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை. பேரம் பேசினால்தான் குறையும்.

அப்படியானால் ரொக்கத் தள்ளுபடி? தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் விலை, தள்ளுபடி, மிச்சத் தொகை மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். அப்போது குறைந்த தொகைக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டினால் போதும். 590 ரூபாயை மிச்சம் பிடிக்க 1,000 ரூபாய் தள்ளுபடி கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் கவனியுங்கள். ‘பில் வேண்டாம், குறைச்சுக்கலாம்’ என்பது தள்ளுபடியே அல்ல, வரி ஏய்ப்பு. ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். நான்கு பில்லாகப் பிரித்துப் போட்டாலும் தப்ப முடியாது.

2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யுபிஐ வரவைப் பார்த்து நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் பல கடைகள் கியூஆர் அட்டையை எடுத்துவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி வைத்தன. பயம் புரிகிறது, ஆனால் ஜிஎஸ்டி பதிவுக்கான விற்றுமுதல் வரம்பில் ரொக்கமும் சேர்த்தி.

வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் கட்டணமே கிடையாது. பெரிய பில்லுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். அதே கியூஆரில் ரூபே கிரெடிட் கார்டு வழியாகவும் பணம் வரலாம். 2,000 ரூபாயைத் தாண்டினால் அதற்குப் பிடித்தம் உண்டு. விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் என்றால் மற்ற டெபிட் கார்டுகளுக்கு 0.40 சதவீதத்துக்கு மேல், ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. போன மாத ஸ்டேட்மென்டை எடுத்து வரிவரியாகப் பாருங்கள். கூடுதலாகப் பிடித்திருந்தால் மெஷின் கொடுத்தவரிடம் போனில் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.