விளையாட்டுக் கண்காப்புக் கண்ணாடி வடிவமைப்பு

விளையாட்டுக் கண்காப்புக் கண்ணாடி என்பது பந்து, மட்டை, குச்சி, விரல், முழங்கை போன்றவை கண்ணில் பட்டு ஏற்படும் காயத்தைத் தடுக்க அணியப்படும் சாதனம் ஆகும். எளிதில் உடையாத வில்லை, அதைத் தாங்கும் சட்டம், சட்டத்துக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள மெத்தை, தலையைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை ஆகிய நான்கும் இதன் உறுப்புகள்.

இவற்றுள் மெத்தை அணிபவரின் வசதிக்காக மட்டும் வைக்கப்படுவது எனப் பலரும் கருதுகின்றனர். உண்மையில் அடியின் விசையை விழியிலிருந்து விலக்கி, கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பின்மேல் பரப்பி இறக்குவது மெத்தையின் முதன்மையான வேலை. அதே மெத்தை தவறாக அமைந்தால் வில்லை கண்ணில் மோதவும் இடம் கொடுக்கும். மதுரை போன்ற வெப்பமான சமவெளிப் பகுதிகளில் வியர்வை, தூசி, வெயில் ஆகியவற்றையும் வடிவமைப்பில் சேர்த்து எண்ண வேண்டியுள்ளது.

கண்குழியும் பந்தின் அளவும்

வளர்ந்தவரின் விழிக்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. அது அமைந்திருக்கும் கண்குழியின் வாய் சுமார் 40 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. புருவம், கன்னம், மூக்குத்தண்டு ஆகியவற்றின் எலும்புகள் இதற்கு இயற்கையான வேலியாக உள்ளன. இந்த வேலி பெரிய பொருள்களை ஓரளவு தடுக்கும், சிறியவற்றைத் தடுக்காது.

- இறகுப்பந்தின் தக்கைப் பகுதி 25 முதல் 28 மில்லிமீட்டர் விட்டமும், முழுப் பந்தும் சுமார் 5 கிராம் எடையும் உடையது. தக்கை கண்குழிக்குள் முழுமையாக நுழையும்.
- ஸ்குவாஷ் பந்து சுமார் 40 மில்லிமீட்டர் விட்டமும் 24 கிராம் எடையும் உடையது. ரப்பரால் ஆனதால் அமுங்கி உள்ளே புகும்.
- கிரிக்கெட் பந்தும் ஹாக்கிப் பந்தும் 70 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விட்டமும் 156 முதல் 163 கிராம் எடையும் உடையவை. எலும்பு வேலியில் மோதி நின்றாலும் எலும்பை முறிக்கவும் விழியை நசுக்கவும் இவற்றால் முடியும்.
- கில்லி எனப்படும் கிட்டிப்புள்ளின் சிறு குச்சி இரு முனையும் கூராகச் செதுக்கப்பட்டது. அடிபட்டு எழும்பும்போது சுழன்று செல்வதால் எந்த முனை முன்னே வரும் எனக் கணிக்க இயலாது.

மழுங்கிய அடி விழியை முன்பின்னாக நசுக்கிப் பக்கவாட்டில் விரியச் செய்கிறது. இதனால் கண்ணின் முன்னறையில் குருதி கசிதல், விழித்திரை கிழிதல் அல்லது பிரிதல், கண்குழியின் அடி எலும்பு முறிதல் ஆகியவை நேரலாம். விழியினுள் நீர் வடியும் கோணம் சிதைந்தால், காயம் ஆறிப் பல ஆண்டுகள் கழித்தும் கண் அழுத்த நோய் தோன்றலாம். அடிபட்ட அன்று பார்வை நன்றாக இருப்பது மட்டும் பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது.

மதுரை வட்டாரத்தில் கண்காயம்

மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்நிறுவனம் தென்மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரிடம் நடத்திய கள ஆய்வில், 4.5 விழுக்காட்டினர் தம் வாழ்நாளில் கண்ணில் காயம்பட்டதாகக் கூறினர். அக்காயங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை மழுங்கிய பொருளால் ஏற்பட்டவை. ஏறத்தாழ பாதி வயல் வேலையின்போது நேர்ந்தவை.

சிறு கீறலும் இப்பகுதியில் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. 1993-ஆம் ஆண்டுக்கான மதுரை மாவட்டக் கணக்கீடு ஒன்று, 1,00,000 பேருக்கு 113 பேர் கருவிழிப் புண்ணால் பாதிக்கப்பட்டதாகக் காட்டியது. மண்ணும் பயிர்த்தூசியும் நிறைந்த சூழலில் கருவிழியில் ஏற்படும் கீறல் வழியே பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதில் நுழைகின்றன. மண் தரையில் விளையாடும் சிறுவருக்கும் இதே ஆபத்து உண்டு. எனவே இங்குப் பயன்படும் கண்காப்பு பந்தின் அடியோடு புழுதியையும் தடுக்க வேண்டும்.

2024-இல் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளை நடத்திய நான்கு தமிழக நகரங்களுள் மதுரையும் ஒன்று. 2025-இல் ஆடவர் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. செயற்கைப் புல்தரையில் பந்து மண் தரையைவிட வேகமாக ஓடும். இத்தகைய களங்கள் பெருகும்போது கண்காப்பின் தேவையும் கூடுகிறது.

வில்லை

வில்லைக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படும் பொருள் பாலிகார்பனேட். 1953-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட இந்த நெகிழி, அடிபடும்போது சிதறாமல் வளைந்து கொடுக்கும். புறஊதாக் கதிர்களையும் தடுக்கும். விளையாட்டுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் தேவை. எளிதில் கீறல் விழுவதும், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பட்டால் வெடிப்பு விடுவதும் இதன் குறைகள். அதனால் மேற்பரப்பில் கடினப் பூச்சு இடப்படுகிறது.

அக்ரிலிக் எனப்படும் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் இதற்குப் பொருந்தாது. இரண்டாம் உலகப் போரில் விமானக் கண்ணாடியின் அக்ரிலிக் துண்டுகள் விமானிகளின் கண்ணுக்குள் இருந்தும் அழற்சி தராததைக் கண்ட ஹரோல்டு ரிட்லி, 1949-இல் அதே பொருளால் முதல் செயற்கை விழிவில்லையைப் பொருத்தினார். கண்ணுக்குள்ளே தங்க ஏற்ற பொருள் அது. கண்ணுக்கு வெளியே அடிவாங்க ஏற்றதன்று. அடிபட்டால் அது கூரான துண்டுகளாக உடையும். சாதாரணப் பவர் கண்ணாடிகளில் உள்ள கண்ணாடி வில்லையும் மலிவான நெகிழி வில்லையும் அவ்வாறே உடையக்கூடியவை. பவர் கண்ணாடியுடன் விளையாடும் மாணவர், கண்ணாடியே அணியாதவரைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்க நேரும்.

மெத்தையின் வேலை

மெத்தை இரண்டு வகையில் விசையைக் குறைக்கிறது. முதலாவது, பரப்பு: அடி ஒரு புள்ளியில் விழாமல் புருவம், கன்னம், பொட்டு ஆகிய இடங்களில் பகிரப்படுகிறது. இரண்டாவது, தூரம்: வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வரும் 24 கிராம் ஸ்குவாஷ் பந்தின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 19 ஜூல். இந்த ஆற்றலை உள்வாங்கும் தூரம் நான்கு மடங்கானால் சராசரி விசை நான்கில் ஒன்றாகக் குறையும்.

ஆயினும் தடித்த, மென்மையான மெத்தையே சிறந்தது என்று முடிவு செய்ய இயலாது. மெத்தை அமுங்கும் அளவுக்குச் சட்டமும் வில்லையும் கண்ணை நோக்கி நகர்கின்றன. எடுத்துக்காட்டாக, வில்லைக்கும் கருவிழிக்கும் இடையே 14 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். 8 மில்லிமீட்டர் மெத்தை 3 மில்லிமீட்டராக அமுங்கினால் வில்லை 5 மில்லிமீட்டர் நெருங்கும். வில்லை தானும் 4 மில்லிமீட்டர் உள்நோக்கி வளைந்தால் எஞ்சுவது 5 மில்லிமீட்டர் மட்டுமே. மெத்தை இன்னும் மென்மையாக இருந்தால் இந்த இடைவெளியும் மறைந்து, வில்லை இமையில் மோதும். மெத்தையின் அமுக்கமும் வில்லையின் வளைவும் சேர்ந்து இடைவெளியைத் தாண்டக் கூடாது என்பதே வடிவமைப்பின் அடிப்படைக் கணக்கு.

இதற்கு இரண்டடுக்கு மெத்தை ஒரு தீர்வு. தோலைத் தொடும் அடுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் மென்மையான சிலிகோன் அல்லது நியோப்ரீனாகவும், சட்டத்தை ஒட்டிய அடுக்கு உறுதியான ஈ.வி.ஏ. நுரையாகவும் அமைக்கலாம். மென்மையான அடுக்கு முகத்தோடு பொருந்தும். உறுதியான அடுக்கு அடியைத் தாங்கும். மெல்லிய மூக்கெலும்பின்மேல் சுமை குறைவாகவும், புருவத்திலும் கன்ன எலும்பிலும் கூடுதலாகவும் விழுமாறு தடிமனைப் பகிர வேண்டும்.

சட்டமும் பட்டையும்

சட்டத்தில் வில்லை பொருந்தும் பள்ளத்தின் பின்விளிம்பு முன்விளிம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். அப்போது அடிபட்டு வில்லை கழன்றாலும் முன்பக்கமே விழும். கண் பக்கம் வராது. உலோகக் கீல், திருகு ஆகியவை முகத்தைக் குத்தக்கூடியவை என்பதால் தவிர்க்கப்படுகின்றன. காதில் மாட்டும் கொம்புகளுக்குப் பதிலாக அகலமான மீள்தன்மைப் பட்டை பயன்படுகிறது. வில்லையில்லாமல் கம்பிச் சட்டம் மட்டும் உள்ள கண்காப்பு ஹாக்கி அளவுள்ள பந்தைத் தடுக்கும். இறகுப்பந்துக்கும் கில்லிக்கும் அது போதாது.

வளர்ந்தவருக்கான சட்டத்தைப் பட்டையை இறுக்கிச் சிறுவருக்கு அணிவிப்பது தவறு. அச்சட்டம் சிறுவரின் எலும்பு விளிம்பில் அமராமல் கண்குழிக்குள் சரியும். பள்ளி மாணவருக்கென முக அகலம், மூக்குத்தண்டின் உயரம், இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றை அளந்து இரண்டு மூன்று அளவுகளில் தயாரிப்பது நல்லது.

வெப்பம், வியர்வை, பனிப்படலம்

மதுரையில் கோடைப் பகலின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. அந்த வேளையில் வில்லையும் தோலைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் நீராவி படிவதில்லை. கோடையில் சிக்கல் தருவது புருவத்திலிருந்து வழியும் வியர்வையும் புழுதியும். மார்கழி விடியற்காலைப் பயிற்சியிலும் மழை ஓய்ந்த மாலையிலும் நிலைமை மாறுகிறது. அப்போது வில்லை குளிர்ந்திருக்க, முகத்திலிருந்து எழும் ஈரக்காற்று அதன்மேல் படிந்து பார்வையை மறைக்கும். ஆகவே ஒரே கண்ணாடி இரு பருவங்களுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும்.

புருவ மெத்தையில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் வெட்டினால் வியர்வை கண்ணுக்குள் இறங்காமல் பொட்டுப் பக்கம் வடியும். காற்றுத் துளைகளை நேராக அமைக்காமல் வளைவாக அமைத்தால் காற்று போகும். புழுதி நேரே நுழையாது. மெத்தைக்கு மூடிய அறை நுரையே ஏற்றது. திறந்த அறை நுரை வியர்வையை உறிஞ்சி நாற்றமெடுக்கும். ஈரத்திலும் வெப்பத்திலும் நாளடைவில் உதிரும். ஈ.வி.ஏ. நுரை வெப்பத்தில் இளகும் தன்மையுடையது. வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் கிடந்த கண்ணாடியின் மெத்தை, காலையில் இருந்த உறுதியோடு இராது. எனவே இப்பகுதிக்கான மாதிரிகளைச் சூடாக்கிய நிலையிலும் சோதிக்க வேண்டும். மெத்தையைக் கழற்றிக் கழுவவும் மாற்றவும் வழி இருப்பது அவசியம்.

சோதனையும் தரநிலைகளும்

அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 803 விளையாட்டுக் கண்காப்புக்கான நன்கறியப்பட்ட தரநிலை. ஸ்குவாஷ் போன்ற ஆட்டங்களுக்கு 2021-இல் ஐ.எஸ்.ஓ. 18527 தொகுதியில் தனித் தரநிலை வெளியானது. சோதனையில் செயற்கைத் தலையில் கண்ணாடியை மாட்டி, பந்தைக் குறித்த வேகத்தில் பல திசைகளிலிருந்து எய்கின்றனர். வில்லை உடையவோ கழலவோ கூடாது; கண்காப்பின் எப்பகுதியும் கண்ணைத் தொடக் கூடாது. இந்தியாவில் ஐ.எஸ். 5983 தொழிற்கூடப் பணிகளுக்கான கண்காப்பைப் பற்றியது. பட்டறையில் தெறிக்கும் துகளைத் தடுக்கும் கண்ணாடி, பந்தின் அடியைத் தாங்கும் என்று கொள்ளக் கூடாது.

விளையாட்டு விதிகளும் அனுபவமும்

ஸ்குவாஷில் உலக அமைப்பின் இளையோர் போட்டிகளிலும் இரட்டையர் ஆட்டங்களிலும் கண்காப்பு கட்டாயம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஹாக்கியில் 2011–12 பருவம் முதல் கண்காப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் கண், கண்குழிக் காயங்கள் பெருமளவு குறைந்தன. கண்ணாடி அணிந்தால் ஆட்டம் முரட்டுத்தனமாகித் தலைக்காயம் கூடும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை. பன்னாட்டு ஹாக்கி விதிகளில் மருத்துவக் காரணத்துக்காக அனுமதிக்கப்பட்ட கண்காப்பு, மெத்தையிட்ட சட்டமும் நெகிழி வில்லையும் கொண்டதாகவே வரையறுக்கப்பட்டது. எதிரே ஆடுபவருக்கும் காயம் நேரக் கூடாது என்பது இதன் நோக்கம்.

கிரிக்கெட்டில் இந்திய விக்கெட் காப்பாளர் சபா கரீம் 2000-ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையின்போது டாக்காவில் கண்ணில் அடிபட்டார். அதன்பின் அவரது ஆட்ட வாழ்வு நீடிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் மார்க் பௌச்சர் 2012-இல் இங்கிலாந்தில் விக்கெட்டின் பெய்ல் கண்ணில் பட்டதால் ஓய்வு பெற்றார். மாறாக, நெதர்லாந்துக் கால்பந்து வீரர் எட்கர் டேவிட்ஸ் 1999-இல் கண் அழுத்த நோய்க்கு அறுவை செய்துகொண்டபின் கண்காப்பு அணிந்து பல ஆண்டுகள் உயர்நிலையில் ஆடினார்.

விலையும் உள்ளூர் உற்பத்தியும்

கண்புரை அறுவைக்கான செயற்கை விழிவில்லைகள் இறக்குமதியால் எட்டாத விலையில் இருந்தபோது, 1992-இல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப் அவற்றை இங்கேயே செய்து விலையைப் பலமடங்கு குறைத்தது. கண்காப்புக் கண்ணாடிக்கு அத்தகைய நுண்ணிய தூய்மைக்கூடம் தேவையில்லை. நெகிழி வார்ப்பு, நுரைத்தாள் வெட்டு, பட்டைத் தையல் ஆகியவையே முதன்மையான பணிகள். கடினமானவை சரியான அச்சு வார்ப்பும் தரச் சோதனையும். ஒரு பள்ளி அணி முழுவதும் பகிர்ந்து பயன்படுத்தும் வகையில், மெத்தை மட்டும் ஆளுக்கொன்றாக மாற்றத்தக்கதாக அமைத்தால் செலவு மேலும் குறையும்.

பயன்படுத்துவோர் அறிய வேண்டியவை

ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ளவர்களும், கண் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் ஆலோசனையின்றிக் கண்காப்பு இல்லாமல் பந்து விளையாட்டுகளில் இறங்கக் கூடாது. ஆழமான கீறல் விழுந்த அல்லது ஒருமுறை பலத்த அடி வாங்கிய வில்லையை மாற்றிவிட வேண்டும். விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

கண்ணில் அடிபட்டால் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு போன்றவற்றை விடுவது தொற்றுக்கு வழிவகுக்கும். காகிதக் குவளையின் அடிப்பகுதியை விழியில் அழுத்தம் படாமல் எலும்பு விளிம்பின்மேல் கவிழ்த்து ஒட்டி, அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கருவிழிக்குப் பின்னே குருதி தேங்குதல், இரட்டைப் பார்வை, மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, பார்வையில் திரை விழுதல் ஆகியவை உடனடி மருத்துவம் தேவை என்பதற்கான அறிகுறிகள்.